ஸ்காட்லாந்துத் தீவுகளில் கேலிக் வாய்மொழி மரபைத் திரட்டுவோருக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள தீவுகளில் ஒரு பழங்கதையை ஒலிப்பதிவு செய்வது இன்று எளிது. கைப்பேசி இருந்தாலே போதும். ஆனால் அதைச் சொன்னவர் யாரிடம் கேட்டறிந்தார், எந்த ஊர்ப் பேச்சில் சொன்னார், எந்த மேட்டையும் எந்த ஓடையையும் மனத்தில் வைத்துச் சொன்னார், அருகிலிருந்தவர்கள் எங்கே குறுக்கிட்டுத் திருத்தினார்கள் என்பனவற்றையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் அந்தப் பதிவு பிறருக்குப் பயன்படும். கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் அதற்காகத்தான்.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 1,30,000 பேருக்குக் கேலிக் மொழி ஓரளவேனும் தெரியும். எனினும் அம்மொழியின் கோட்டையாக விளங்கிய மேற்குத் தீவுகளிலேயே அதைப் பேசுவோர் மக்கள்தொகையில் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டனர். மரபை நிறைவாக அறிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. அதே காரணத்தால் அதில் அவசரமும் காட்டக் கூடாது.

புறப்படுமுன்

முதலில் செய்ய வேண்டியது கேட்பது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் தொடங்கப்பட்ட ஸ்காட்டிஷ் ஆய்வுகள் பள்ளியின் ஒலிப்பதிவுகளும், கன்னா தீவில் வாழ்ந்த ஜான் லோர்ன் கேம்பெல் திரட்டியவையும், பிபிசியின் பழைய பதிவுகள் சிலவும் 'தோபர் அன் துவல்கிஷ்' என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அங்கே தீவின் பெயரையும் ஊரின் பெயரையும் கொடுத்துத் தேடலாம். நீங்கள் போகவிருக்கும் ஊரிலிருந்து எழுபது ஆண்டுகளுக்கு முன்பு என்னென்ன பதிவாயின என்பதை அறியாமல் அங்கே போய் நிற்பது அவ்வூராருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்றே நான் கருதுகிறேன். நீங்கள் கேட்க நினைக்கும் கதையை அந்த வீட்டுப் பாட்டியே முன்பு பதிவு செய்து கொடுத்திருக்கலாம். அந்தக் குரலைப் பேரப்பிள்ளைகளிடம் கொண்டு செல்வது மிக நல்ல தொடக்கம். ஆனால் மறைந்தவரின் குரலைக் கேட்க அவர்களுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பிலேயே ஒலிக்க விட வேண்டாம்.

அடுத்து, முன்னோடிகள் எப்படி வேலை செய்தார்கள் என்று படியுங்கள். ஐலா தீவைச் சேர்ந்த ஜான் பிரான்சிஸ் கேம்பெல் 1860-க்கும் 1862-க்கும் இடையில் நான்கு தொகுதிகளாகக் கதைகளை வெளியிட்டபோது, சொன்னவர் பெயர், அவர் தொழில், ஊர், எழுதியவர், நாள் ஆகியவற்றையும் பெரும்பாலும் சேர்த்தே அச்சிட்டார். அக்காலத்தில் அது அரிய நேர்மை. ஐலாவின் பள்ளி ஆசிரியர் ஹெக்டர் மக்லீன் போன்ற உள்ளூர்க்காரர்களே அவருக்காகக் கதைகளை எழுதிக் கொடுத்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாறாக, லிஸ்மோர் தீவில் பிறந்து சுங்க அதிகாரியாகத் தீவுகளைச் சுற்றிய அலெக்சாண்டர் கார்மைக்கேல், 1900-இல் தம் பெரிய திரட்டின் முதலிரு தொகுதிகளை வெளியிட்டபோது, வழிபாட்டுப் பாடல்களையும் மந்திரங்களையும் பல இடங்களில் மெருகேற்றினார். அவருடைய களக் குறிப்பேடுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் காப்பாற்றப்பட்டிருப்பதால், சொன்னவர் சொன்னது எது, அவர் சேர்த்தது எது என்று இன்றைய ஆய்வாளர்களால் ஒப்பிட முடிகிறது. உங்கள் எழுத்து நாளை ஐயத்துக்குள்ளானால் அதைத் தீர்க்கக்கூடியது உங்கள் கையெழுத்துக் குறிப்பேடு மட்டுமே. ஆகவே எதையும் கிழித்தெறியாதீர்கள்.

எரிஸ்கே தீவின் பாதிரியார் ஆலன் மெக்டொனால்டின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென் யூயிஸ்டிலும் எரிஸ்கேயிலும் ஆண்டுக்கணக்காக அவர் எழுதி வைத்த குறிப்புகளை, ஆவிகள் பற்றிய ஆய்வுக்காக வந்த ஏடா குட்ரிச் ஃப்ரீர் என்ற பெண்மணி தம் கட்டுரைகளில் போதிய நன்றியறிவிப்பின்றிப் பயன்படுத்திக்கொண்டார். மெக்டொனால்ட் 1905-இல் மறைந்தார். அந்தக் கட்டுரைகளில் இருந்த உழைப்பு யாருடையது என்பது ஜான் லோர்ன் கேம்பெல் தேடி எழுதிய பிறகே பரவலாகத் தெரிய வந்தது. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

மொழி

கேலிக் தெரியாமல் போகலாமா என்று பலரும் கேட்பதுண்டு. போகலாம், ஆனால் கிடைப்பது வேறாக இருக்கும். கேலிக் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் அம்மொழி அறியாத ஒருவர் நுழைந்தால், இருக்கிற அனைவரும் அவருக்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். அது அவர்களின் பண்பாடு. ஆனால் கதையின் அடுக்குத்தொடர்களும் பேச்சின் ஓசையும் அந்த நொடியிலேயே நின்றுவிடும். 1773-இல் தீவுகளைச் சுற்றிவந்த சாமுவேல் ஜான்சன், நூறாண்டுப் பழமையுடையது என்று சான்று காட்டக்கூடிய கேலிக் வரிகள் ஐந்நூறுகூடத் தேறாது என்று முடிவு கட்டினார். லிஸ்மோர் சமயத் தலைவரின் பெயரால் அறியப்படும் கேலிக் பாடல் சுவடியோ 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொகுக்கப்பட்டுவிட்டது. மொழி அறியாத பயணியின் உறுதியான தீர்ப்பு எவ்வளவு பிழையாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஸ்கை தீவின் தென்பகுதியான ஸ்லீட்டில் 1973-இல் நிறுவப்பட்ட சவுல் மோர் ஓஸ்டெக் கல்லூரியில் குறுகிய காலப் படிப்புகள் நடக்கின்றன. தென் யூயிஸ்டில் 1996 முதல் நடைபெறும் கியோலஸ் கோடைப்பள்ளி இசை, நடனம், மொழி மூன்றையும் ஊராருடன் சேர்த்தே கற்பிக்கிறது. களப்பணி செய்ய விரும்புவோருக்கு இரண்டாவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். நாற்பது ஐம்பது சொற்றொடர்கள் தெரிந்தாலே, "நீங்கள் கேலிக்கிலேயே பேசுங்கள், நான் பின்னர் எழுதிப் புரிந்துகொள்கிறேன்" என்று கேட்டுக்கொள்ள முடியும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு கேலிக்கிலும் உண்டு என்பதால் தமிழருக்கு ஒன்று எளிது: வயதில் மூத்தவரிடம் மரியாதைப் பன்மையையே பயன்படுத்துங்கள், அவரே மாற்றச் சொல்லும்வரை மாற்ற வேண்டாம்.

கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் ஆசை இயல்பாக எழும். கேலிக்கில் வரும் மூச்சொலிகளையும் அண்ணச் சாயல் பெற்ற மெய்களையும் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டாது. ஆகவே கேலிக்கின் சொந்த எழுத்துமுறையையும், ஐயமுள்ள இடங்களில் பன்னாட்டு ஒலிப்பு எழுத்துகளையும் பழகிக்கொள்ளுங்கள். வட்டார வேறுபாடுகள் நுட்பமானவை. 'மகன்' என்று பொருள்படும் சொல்லின் இறுதிக் ககரத்துக்கு முன் லூயிஸ் தீவில் மெல்லிய மூச்சு ஒலிக்கும். தென் யூயிஸ்டிலும் பாராவிலும் அது தொண்டையை உரசும் ஒலியாக வரும். லூயிஸ் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கமே சில சொற்களைப் பிரித்துக் காட்டும். பேசுபவர் எந்தத் தீவில் வளர்ந்தார், அவருடைய தாய் எந்தத் தீவிலிருந்து மணமாகி வந்தார் என்று எழுதி வைக்காவிட்டால் இவ்வேறுபாடுகளைப் பின்னர் விளக்க முடியாது.

காலமும் பயணமும்

கோடையில் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே நகரில் பகல் ஏறக்குறைய 18 மணி நேரம் நீள்கிறது. நடுக்குளிர்காலத்தில் ஆறரை மணி நேரம்தான். சுற்றிப் பார்ப்பதற்கும் இடப்பெயர்களைத் திரட்டுவதற்கும் கோடை ஏற்றது. கதைக்குக் குளிர்காலமே காலம். நெடுங்கதைகள் அறுவடை முடிந்த பிறகு, நீண்ட இரவுகளில், அடுப்பங்கரையில் சொல்லப்பட்டவை. ஏப்ரல், மே மாதங்களில் ஆடுகள் குட்டி போடும். எரிபொருளுக்கான பீட் மண்ணையும் மே மாத அளவில் வெட்டத் தொடங்குவார்கள். அப்போது பேட்டி கேட்டுப் போகாதீர்கள், கைகொடுக்கப் போங்கள். வெட்டிய ஈரக் கட்டிகளை வாங்கி வரிசையாகப் பரப்பி வைக்கும் வேலையில் இரண்டு நாள் நின்றால், மண்வெட்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும், முதல் அடுக்குக்கும் அடிஅடுக்குக்கும், உலர்த்தும் ஒவ்வொரு நிலைக்கும் உரிய சொற்கள் கேள்வி கேட்காமலே காதில் விழும்.

உல்லாப்பூலிலிருந்து ஸ்டோர்னோவேக்கும், ஸ்கையின் ஊயிக்கிலிருந்து ஹாரிஸ், வட யூயிஸ்ட் தீவுகளுக்கும், ஓபனிலிருந்து பாராவுக்கும் கால்மாக் நிறுவனத்தின் கப்பல்கள் செல்கின்றன. பாராவின் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குவதால் அதன் நேரம் ஓதத்தைப் பொறுத்து மாறும். பெரும்பாலான இடைத்தீவுகளைப் பாலச்சாலைகள் இணைக்கின்றன. எரிஸ்கேக்கு 2001-இல்தான் அது கிடைத்தது. குளிர்காலக் காற்றில் கப்பல்கள் நிறுத்தப்படுவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு தீவிலும் இரண்டு மூன்று நாள்களை வெறுமையாக விட்டுத் திட்டமிடுங்கள். லூயிஸ், ஹாரிஸ், வட யூயிஸ்ட் பகுதிகளில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான். அன்று யாரையும் தொலைபேசியில் அழைக்கவோ பதிவுக்குக் கேட்கவோ கூடாது. கத்தோலிக்கர் மிகுந்த தென் யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா தீவுகளில் ஞாயிறு வழிபாடு முடிந்த பின் ஊரார் கூடிப் பேசும் வேளை வாய்க்கும்.

வீட்டுக்குள்

நேரே முதியவர்களைத் தேடிப் போகாமல் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் வழியாகப் போங்கள். 1970-களிலிருந்து மேற்குத் தீவுகளில் ஊர்தோறும் இச்சங்கங்கள் எழுந்தன. லூயிஸின் வடமுனையில் நெஸ் ஊராரின் சங்கம் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. குடும்ப மரங்களும் படங்களும் பழைய பதிவுகளும் அவர்களிடம் உள்ளன. யாரிடம் எதைக் கேட்கலாம், யாரிடம் எதைக் கேட்கவே கூடாது என்பதையும் அவர்களே அறிவார்கள்.

முதல் கதை வீட்டுக்காரருடையது, விடியும்வரை விருந்தாளியுடையது என்று ஒரு கேலிக் பழமொழி உண்டு. கெய்லி எனப்படும் மாலைக் கூடுகையின் இலக்கணமே அதுதான். வாங்கிக்கொள்ள மட்டும் வந்தவராக உட்காராதீர்கள். சொல்வதற்கு இரண்டு கதைகளை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையில் வரும் ஏமாற்றுக்காரனோ பேயோ அவர்களுடைய ஒன்றை நினைவூட்டும். அப்படி வெளிவரும் கதை, கேள்விக்கு விடையாக வருவதைவிட முழுமையாக இருக்கும்.

முதல் சந்திப்பில் பதிவுக்கருவியை வெளியே எடுக்க வேண்டாம். "தேவதைக் கதை தெரியுமா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே விடையாக வரும், கேட்பவர் தங்களை மூடநம்பிக்கைக்காரர்களாக நினைக்கிறாரோ என்ற கூச்சம் அதில் இருக்கும். மேய்ச்சல்காலக் குடிசைகளுக்கு மாடுகளை ஓட்டிச் சென்றது யார், இருட்டிய பின் எந்த வழியில் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், எந்த ஏரியில் குளிக்கத் தடை என்று கேளுங்கள். ஏரிக்குள் இழுத்துச் செல்லும் நீர்க்குதிரையும், மேட்டுக்குள் வாழ்வோரும், சாவை முன்கூட்டியே காணும் இரட்டைப் பார்வையும் அந்தப் பேச்சிலேயே தாமாக வந்து சேரும்.

பரம்பரையை முழுவதுமாக எழுதுங்கள். பலருக்கும் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் இருப்பதால், தந்தை, பாட்டன் பெயர்களை அடுக்கியோ பட்டப்பெயரிட்டோதான் ஊரில் ஒருவரைக் குறிப்பிடுவார்கள். பட்டப்பெயர்கள் சில புண்படுத்துபவை. உரியவர் முன்னிலையில் சொல்லப்படாதவையும் உண்டு. அவற்றைக் குறித்துக்கொண்டாலும் வெளியிட வேண்டாம். கடல்நாய்ப் பெண்ணை மணந்தவனின் கதை வட யூயிஸ்டில் மக்காட்ரம் குலத்தாரைச் சார்ந்து வழங்குகிறது. வட ஐரோப்பியக் கடற்கரை நாடுகள் பலவற்றில் வழங்கும் இக்கதைக்கு இடம்பெயரும் தொன்மங்களின் பட்டியலில் 4080 என்ற எண் உண்டு. எண்ணைக் குறிப்பது பயனுள்ளதே. ஆனால் சொல்பவருக்கு அது எண் இல்லை, ஒரு குடும்பத்தின் வரலாறு. அந்தக் குடும்பத்தினர் அடுத்த தெருவில் இருக்கலாம்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. 1919 ஜனவரி முதல் நாள் அதிகாலையில், முதல் உலகப் போரிலிருந்து வீடு திரும்பிய வீரர்களை ஏற்றிவந்த அயோலேர் கப்பல் ஸ்டோர்னோவே துறைமுகத்தின் வாயிலிலேயே பாறையில் மோதி மூழ்கியது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லூயிஸின் பல வீடுகளில் ஒரு தலைமுறைக்காலம் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அத்தகைய துயரத்தை நீங்களாகத் தொடாதீர்கள். அவர்களாகச் சொன்னால் கருவியை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள்.

பதிவு

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரு தடப் பதிவு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் பிடிக்கும். வெளியே பதிவதானால் ஒலிவாங்கிக்கு உரோமக் காற்றுத்தடுப்பு கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள் குளிர்பெட்டியும் சுவர்க் கடிகாரமும் இரைச்சல் தரும். அடுப்பின் ஓசையை மட்டும் அப்படியே விட்டுவிடுவேன். தொடக்கத்தில் நாள், இடம், இருப்பவர்கள் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். ஒரே கதையை இயன்றால் வேறொரு நாளில் மீண்டும் பதியுங்கள்: தென் யூயிஸ்டின் கல்தச்சர் டங்கன் மெக்டொனால்ட் தம் நெடுங்கதைகளை வெவ்வேறு வேளைகளில் ஏறத்தாழ சொல் பிசகாமல் சொன்னார் என்பது, அவரிடமிருந்து பலமுறை பதிவானதால்தான் தெரிய வந்தது.

துணி அடிக்கும் பாடல்களுக்குத் தனிக் கவனம் தேவை. புதிதாக நெய்த கம்பளித் துணியை நனைத்து, பெண்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளத்தோடு அடித்துக் கெட்டிப்படுத்தும்போது பாடியவை அவை. ஒருவர் வரியைப் பாட, மற்றவர்கள் பொருளற்ற அசைகளாலான பல்லவியை எடுப்பார்கள். எழுதும்போது பலர் அந்த அசைகளை விட்டுவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு: வரிகள் பாடலுக்குப் பாடல் இடம் மாறித் திரியும்; பாடலை அடையாளம் காட்டுவதே அந்த அசைகளும் மெட்டும்தான். பாடுபவர் தனியாக இருந்தால், மேசையைக் கையால் தட்டிக்கொண்டு பாடச் சொல்லுங்கள். துணியின் அடி எந்த அசையில் விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். 1929-இல் தென் யூயிஸ்டுக்கு வந்து இரு சகோதரிகளின் வீட்டில் ஆறாண்டளவு தங்கிய அமெரிக்க இசைக்கலைஞர் மார்கரெட் ஃபே ஷா, அவர்களுடன் வேலை செய்துகொண்டே பாடல்களைக் காதால் கேட்டு இசைக்குறிப்பாக எழுதினார். அவ்வளவு காலம் தங்க எல்லோராலும் முடியாது. ஆனால் ஐந்து தீவுகளுக்கு ஒவ்வொரு நாள் என்பதைவிட ஓர் ஊரில் ஐந்து நாள் என்பதே எப்போதும் சிறந்தது.

இடப்பெயர்களை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்காமல், 1:25,000 அளவிலான நில அளவைத் துறை வரைபடத்துடன் உரியவரோடு நடந்தபடி கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத பாறைக்கும் குட்டைக்கும்கூடப் பெயர் இருக்கும். ஒவ்வொரு பெயரையும் தனியாக ஒருமுறையும், "அங்கே போனேன்" என்ற தொடரில் வைத்து ஒருமுறையும் சொல்லச் செய்யுங்கள். வேற்றுமையில் வடிவம் மாறக்கூடும். லூயிஸின் ஊர்ப்பெயர்கள் பலவற்றில் பழைய நார்ஸ் மொழி மறைந்திருப்பதால், அச்சிட்ட எழுத்துக்கூட்டலைவிட ஊரார் உச்சரிப்பே நம்பத்தக்கது.

குறிப்பேடு

மழையில் மை கரையும், பென்சிலால் எழுதுங்கள். வலப்பக்கத்தில் கேட்டதையும் கண்டதையும் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைப் பின்னர் தோன்றும் கருத்துகளுக்கு விட்டுவிடுங்கள். ஒரு பதிவுக்கான குறிப்பு இவ்வாறு இருக்கலாம்: "நவம்பர் 2, மாலை 7 மணி. தென் யூயிஸ்ட், சொன்னவர் வீட்டுச் சமையலறை. சொன்னவர் பெண், வயது 81, தாய் எரிஸ்கே. நீர்க்குதிரைக் கதை. தாயின் தம்பியிடம் பத்து வயதளவில் கேட்டது. ஏரியின் பெயரைச் சொல்லும்போது சன்னலைக் காட்டினார். குதிரையின் மயிரில் மணல் இருந்தது என்ற இடத்தில் அக்காள் குறுக்கிட்டு, மணல் அல்ல, பாசி என்றார், இவர் ஏற்கவில்லை." அந்த மணலும் பாசியும்தான் நாளை ஓர் ஆய்வாளர் தேடும் செய்தி. அன்றிரவே இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். 1951 ஜனவரியில் ஸ்காட்டிஷ் ஆய்வுகள் பள்ளியின் முதல் திரட்டாளராகப் பொறுப்பேற்ற ராசே தீவினர் கேலம் மக்லீன், கதைகளோடு நாட்குறிப்பையும் தொடர்ந்து எழுதினார். யாரைச் சந்தித்தார், எப்படிப் போனார், அன்றைய வானிலை எப்படி என்பனவெல்லாம் அதில் உள்ளன.

பயணக் குறிப்புக்கும் இதே நெறி பொருந்தும். ஸ்கையில் பிறந்து கேலிக் பேசிய மார்ட்டின் மார்ட்டின் 1703-இல் வெளியிட்ட தீவு வருணனை இன்றும் பயன்படுவதற்குக் காரணம், எந்த நோய்க்கு எந்தச் செடி, எந்தக் கரையில் எந்த மீன் என்று அவர் நேராக எழுதிவைத்ததுதான். கடல் மூடுபனியின் அழகை வருணிப்பதற்கு முன், கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, துறையில் எதை இறக்கினார்கள், வரிசையில் நின்றவர்கள் எந்த மொழியில் பேசினார்கள் என்று எழுதுங்கள்.

உரிமையும் ஒப்படைப்பும்

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பேசியவரின் சொற்கள் பதிவானதும் அவற்றின் உரிமை பேசியவரைச் சேரும். ஒலிப்பதிவின் உரிமை அதற்கு ஏற்பாடு செய்தவருக்கு. ஆகவே எழுத்து வடிவ ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய செய்திகளுக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். ஒப்புதலை இரண்டு முறை பெறுங்கள்: பதிவுக்கு முன் ஒருமுறை, எழுத்தாக்கத்தைப் படித்துக் காட்டிய பின் ஒருமுறை. குடும்பத்தார் மட்டும் கேட்கலாமா, ஊர்ச் சங்கத்தில் வைக்கலாமா, இணையத்தில் வைக்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றொன்றுக்கு மறுக்கலாம். பெயர் வெளியாக வேண்டும் என்பவருக்குப் பெயரை மறைப்பதும் தவறே.

தீவை விட்டுப் புறப்படுமுன் கோப்புகளின் மூன்று படிகளை எடுத்து, அவற்றில் ஒன்றைச் சொன்னவரிடமே கொடுங்கள். கணினி இல்லாத வீடானால் குறுந்தகட்டிலோ, மகள் கைப்பேசியில் கேட்கும்படியோ கொடுக்கலாம். இன்னொரு படியை, குறிப்பேட்டின் நகலோடும் ஒப்புதல் தாள்களோடும், ஊர் வரலாற்றுச் சங்கத்தில் ஒப்படையுங்கள். எழுத்தாக்கம் முடிந்ததும் அச்சிட்ட ஒரு படியைப் பெரிய எழுத்தில் அஞ்சலில் அனுப்புங்கள். அதன் ஓரத்தில் அவர்கள் எழுதித் திருப்பி அனுப்பும் திருத்தங்களை உங்கள் எழுத்தாக்கத்தில் நாளுடன் சேர்த்து, சங்கத்திலுள்ள படியிலும் மாற்றச் சொல்லுங்கள்.